பரோட்டாவைக் குறிபார்த்த நாள்

எந்தத் துறையில் வேலை பார்த்தேன் என்று சொல்லமாட்டேன். சீருடை என்ன நிறம் என்றும் கேட்காதீர்கள். ஓய்வு பெற்றுவிட்டேன் என்றாலும் பென்ஷன் அங்கிருந்துதான் வருகிறது; வாயைக் கொடுத்து வம்பை வாங்க எனக்கு இப்போது தெம்பில்லை. தென்காசியில் ஓர் ஆர்மரியில், அதாவது துப்பாக்கிகளைப் பூட்டிவைத்துப் பராமரிக்கிற அறையில், ஆர்மரராக இருந்தேன் என்பது மட்டும் போதும். இலத்தூரிலிருந்து தினமும் பைக்கில் போய்வருவேன்.

ஆர்மரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. அரசாங்கத்தின் துப்பாக்கி நம் கையால் எண்ணெய் போட்டதும் நம் துப்பாக்கி ஆகிவிடும். எனக்கு அந்த வியாதி முற்றிப்போயிருந்தது. யாராவது பீரோ பக்கம் கையை நீட்டினால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். குறிபார்க்கத் துப்பாக்கிமேல் மாட்டுகிற ஸ்கோப்பில் விரல்ரேகை பார்த்துவிட்டால் அன்றைக்கு மத்தியானம் சோறு இறங்காது.

எங்களிடம் ஒரு பெண் கான்ஸ்டபிள் இருந்தாள். ராயகிரிப் பக்கம், கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பம். அவள் அளவுக்குக் குறி தவறாமல் சுடுகிற ஆள் எங்கள் யூனிட்டிலேயே கிடையாது. அது எனக்குப் பெருமைதான், ஆனால் வெளியில் காட்டிக்கொள்ளமாட்டேன். ஒருநாள் அவள் ஸ்கோப்பின் கண்ணாடியைத் தன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டேன். கைக்குட்டையில் வாசனைப் பவுடர் வேறு. நான் போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற ஜீப் டிரைவர் எட்டிப் பார்த்தார். அத்தோடு விட்டேனா? ஒரு முழு வெள்ளைத்தாளில், 'இனிமேல் ஆர்மரர் அனுமதியில்லாமல் எந்தக் கண்ணாடியையும் தொடமாட்டேன்' என்று எழுதி, கையெழுத்துப் போட வைத்து, ஃபைலில் கோத்து வைத்தேன்.

அவள் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாள். "தேதி போடணுமா அண்ணாச்சி?" என்று ரொம்பப் பவ்யமாகக் கேட்டாள். அந்தப் பவ்யத்தைப் பார்த்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அடுத்த வருடம் அந்தக் கிளிப்-ஆன் வந்தது. கறுப்பாக, ஒரு சின்ன டார்ச் லைட்டைவிடப் பருமனாக, பஞ்சு மெத்தை போட்ட பெட்டிக்குள் மாப்பிள்ளை மாதிரி படுத்திருந்தது. வெளிச்சத்தை விட்டுவிட்டுச் சூட்டைப் பார்க்கிற தெர்மல் கருவி. ரைஃபிளில் ஏற்கெனவே இருக்கிற ஸ்கோப்பைக் கழற்ற வேண்டாம்; அதற்கு முன்னால் இதை மாட்டினால் போதும். வெளியே இருக்கிற சூட்டை இது படமாக்கித் தன் முதுகில் உள்ள குட்டித் திரையில் காட்டும். பின்னால் இருக்கிற ஸ்கோப் அந்தத் திரையைப் பார்க்கும். ஸ்கோப்புக்குப் பின்னால் நாம் இருப்போம்.

"கண்ணாடி போட்டவனுக்கு முன்னால இன்னொரு கண்ணாடி போட்டவன நிறுத்துத மாதிரில்லா இருக்கு" என்றேன்.

"அதேதானுங்க!" என்றார் எங்கள் அதிகாரி. அவர் கோயம்புத்தூர்ப் பக்கம். நல்ல மனுஷன், புதுப் பொருள் என்றால் உயிர். ஸ்கோப்பில் ஏற்கெனவே சரிபார்த்து வைத்த குறி, அதைத்தான் நாங்கள் ஜீரோ என்போம், இதை மாட்டினாலும் கழற்றினாலும் நகராது என்பதுதான் இதன் விசேஷம் என்று விளக்கினார். நான் நம்பவில்லை. ஒரு திருகாணி லூசானாலே ஓடிப்போகிற ஜீரோ, இவ்வளவு பெரிய ஆளை முன்னால் உட்காரவைத்தால் எப்படி இருந்த இடத்தில் இருக்கும்?

அதைச் சோதிக்கத்தான் அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவளுக்கோ அது வெறும் சோதனை இல்லை. வடக்கே எங்கோ நடக்கிற குறிசுடும் பயிற்சிக்கு எங்கள் யூனிட்டுக்கு ஒரே ஓர் இடம் கொடுத்திருந்தார்கள். ஸ்கோப்பில் ஐந்து குண்டு, கிளிப்-ஆன் மாட்டி ஐந்து குண்டு. இரண்டிலும் தேறினால் அவள் போகலாம். அடுத்த வருடம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். அவளுக்கு அந்த ஒரே வாய்ப்புதான், மறுபடி கேட்டுப் போக முடியாது.

சோதனைக்கு ஒரு விதி இருந்தது. கருவியில் கோளாறு என்றால் ஐந்தாவது குண்டுக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். சொன்னால் அதுவரை சுட்டதெல்லாம் கணக்கில் வராது, புதிதாக ஆரம்பிக்கலாம். ஐந்தும் போனபிறகு என்ன சொன்னாலும் செல்லாது.

இதற்கு நடுவில் ஆயுத பூஜை வந்தது. ஆர்மரிக்கு அதைவிடப் பெரிய திருநாள் ஏது? மேசைமேல் வெள்ளை விரித்து எல்லாத் துப்பாக்கிகளையும் வரிசையாகக் கிடத்தி, மாலை போட்டு, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பேன். என் பொட்டு வட்டம் பிசகாது. இன்னொருத்தர் வைக்க விடவும் மாட்டேன். கிளிப்-ஆனையும் கடைசியில் நிறுத்தியிருந்தேன்.

"புதுசுக்கு வச்சாச்சுங்களா? பெருசாவே வையுங்க" என்றார் அதிகாரி சுண்டலைக் கொறித்துக்கொண்டே.

எங்கே வைப்பது? அதன் உடம்பெல்லாம் சொரசொரப்பு; சந்தனம் ஒட்டினாலும் வட்டம் வராது. முன்பக்க மூடியைத் திறந்தேன். உள்ளே பளபளவென்று ஒரு வட்டத் தகடு. சத்தியமாக அது தகடு என்றுதான் நினைத்தேன். லென்ஸ் என்றால் அந்தப் பக்கம் தெரிய வேண்டாமா? இதில் என் மீசைதான் தெரிந்தது. பொட்டு வைப்பதற்கென்றே செய்தமாதிரி ஒரு நெற்றி. கட்டைவிரலால் சந்தனத்தை அள்ளி நடுவில் வைத்து, அதன் நடுவில் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, தூசி படாமல் மூடியை மூடினேன். மறுநாள் மற்றதையெல்லாம் துடைத்து எண்ணெய் போட்டேன். இதன் மூடி மூடியிருந்ததால் அப்படியே பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

பூஜை முடிந்ததும் இன்னொரு சிக்கல் வந்தது. தெர்மலுக்குக் காகிதக் குறி தெரியாது. காகிதமும் அதன் பின்னால் உள்ள மண்மேடும் ஒரே சூட்டில் இருந்தால் எல்லாம் ஒரே சாம்பல்தான். அதனால் குறிபலகையில் சூடான ஏதாவது ஒன்றை மாட்ட வேண்டும். முதலில் வெந்நீர்ப் பையைக் கட்டிப் பார்த்தோம். பலகை முழுக்கச் சூடு பரவி, குறி எருமைமாடு அளவுக்குத் தெரிந்தது. இட்லியை ஆணியில் குத்தினோம், பிட்டுக்கொண்டு விழுந்தது. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. வட்டமாக இருக்க வேண்டும், தட்டையாக இருக்க வேண்டும், அடுக்கடுக்காகச் சூட்டைப் பிடித்துவைக்க வேண்டும், ஆணி அடித்தால் கிழியக்கூடாது. செங்கோட்டைப் பக்கம் பிறந்து வளர்ந்தவனுக்கு அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது?

"பரோட்டா" என்றேன்.

அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு பரோட்டா வாங்கி மாட்டிப் பார்த்தோம். அவரே கிளிப்-ஆனைக் கையில் எடுத்து, கண்ணில் வைத்தபடியே முன்மூடியைக் கழற்றி, பக்கத்தில் இருந்தே பார்த்தார். "நிலா மாதிரி இருக்குதுங்க" என்றார். கொஞ்சம் கலங்கிய நிலா என்று அவர் சொல்லவில்லை. புதுக்கருவி இப்படித்தான் காட்டும்போல என்று நினைத்திருப்பார்.

சோதனை நாள். புரட்டாசி கடைசி. மலைமேல் மேகம் இறங்கியிருந்தது, வெயில் இல்லை, சாரலும் இல்லை. பரோட்டாக் கடையில் பதினொரு மணிக்கு முன்னால் கல் காயாது என்பதால் அதிகாரி சோதனையையே பதினொன்றரைக்குத் தள்ளிவைத்தார். பார்டர் ரோட்டில் எனக்குப் பழக்கமான மாஸ்டரிடம் பன்னிரண்டு பரோட்டா சொன்னேன்.

"சால்னா எத்தன பாக்கெட்?"

"சால்னா வேண்டாம். இது சுடுததுக்கு."

"சுட்டுத்தானய்யா தாரோம்?" என்றார் மாஸ்டர். அவரிடம் எதை விளக்க? சால்னாவும் வாங்கிக்கொண்டு, ஹாட் பாக்ஸைப் பைக் டேங்கின் மேல் வைத்து அணைத்துக்கொண்டு மலையடிவாரத்துச் சுடுதளத்துக்குப் பறந்தேன்.

முதல் ஐந்து குண்டு, வெறும் ஸ்கோப், காகிதக் குறி. அவள் படுத்தாள், மூச்சை விட்டாள், சுட்டாள். ஐந்தும் ஒரு உளுந்தவடை அளவுக்குள் போய் விழுந்தன. அதிகாரி தொலைநோக்கியில் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு மலையைப் பார்த்தேன்.

பிறகு ரைஃபிளைக் காலிசெய்து, நான் கிளிப்-ஆனை மாட்டினேன். பக்கவாட்டில் இருந்து கையை நீட்டி முன்மூடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். நூறு மீட்டரில் பரோட்டா ஆவி பறக்கத் தொங்கியது. அதிகாரி, "ஸ்கோப்பைப் பன்னிரண்டு மடங்குக்கு ஏத்தும்மா, பெருசாத் தெரியும்" என்றார்.

"ஏத்துனா கோலப்புள்ளி மாதிரி கட்டம் கட்டமா உடைஞ்சிரும் சார். திரை சின்னதுல்லா? நாலுலயே வச்சிக்கிடுதேன்" என்றாள். எனக்குத் தெரியாமலேயே கையேட்டைப் படித்திருக்கிறாள்.

முதல் குண்டு போனது. பலகையின் ஓரத்தில் ஒரு துளை. பரோட்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"மங்கலா இருக்கு சார். குத்தாலத்துச் சாரல் உள்ளயே பெய்யுத மாதிரி" என்றாள்.

"சாரலே இல்லியேம்மா? முன்னாடி இருக்கறது ஜெர்மானியம் லென்ஸ். பார்த்தாத் தகடு மாதிரி இருக்கும், வெளிச்சம் போகாது, சூடு மட்டுந்தான் போகும். அதுல ஒரு விரல்கூடப் படக்கூடாதுங்க" என்று எல்லோருக்கும் சேர்த்துப் பாடம் எடுத்தார் அதிகாரி.

தகடு மாதிரி என்ற வார்த்தை என் காதில் விழுந்ததும் என் கை தானாகச் சட்டைப்பைக்குள் போனது. மூடியை எடுத்துத் திருப்பினேன். உள்பக்கம், நட்டநடுவில், காய்ந்த சந்தனத்தில் வட்டமாக ஓர் அச்சு. அதன் நடுவில் குங்குமம். வட்டம் பிசகவில்லை.

நிமிர்ந்தபோது அவள் படுத்தவாக்கில் தலையைத் திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூடியைப் பைக்குள் போட்டுக்கொண்டு சிரித்தேன். அது சிரிப்பு மாதிரி இருந்ததா என்று தெரியவில்லை. அவள் திரும்பிக்கொண்டாள்.

சொல்லியிருக்கலாம். ஒரு நிமிட வேலை. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் என் கண்முன் வந்ததெல்லாம் என் மானம்தான். விரல்ரேகைக்காக ஆளையே உண்டு இல்லை என்று பண்ணுகிற ஆர்மரர், அரசாங்கத்தின் விலையுயர்ந்த லென்ஸுக்குப் பொட்டு வைத்தான் என்றால் ஜீப் டிரைவர் என்ன சொல்வார்? ஓய்வுபெற இரண்டே வருடம் இருந்தது. பேசாமல் சரிசெய்துவிடலாம் என்று புத்தி குறுக்கே ஓடியது.

இரண்டாவது குண்டு எங்கே போனது என்றே தெரியவில்லை. உடனே கத்தினேன், "நிறுத்துங்க! நிறுத்துங்க சார்! பரோட்டா ஆறிப்போச்சு!"

சுடுதளத்தில் யார் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். பரோட்டாவுக்காக அந்தச் சட்டத்தைப் பயன்படுத்திய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அவள் போல்ட்டைத் திறந்து, ரைஃபிளைக் காலிசெய்து, கையை எடுத்துவிட்டு எழுந்து நின்றாள். நான் ஹாட் பாக்ஸோடு ஓடினேன். புதுப் பரோட்டாவை ஆணியில் மாட்டினேன். திரும்பி வரும்போது கிளிப்-ஆனுக்கு முன்னால் குனிந்து, ஏதோ திருகாணியைப் பார்க்கிறவன்போலப் பாவனை செய்துகொண்டு, கட்டைவிரலால் சந்தனத்தை ஒரே வழியாய் வழித்துவிட்டேன். சந்தனம் போய்விட்டது. சாமர்த்தியசாலிடா என்று என்னை நானே மெச்சிக்கொண்டு வந்து நின்றேன்.

மூன்றாவது குண்டு மண்மேட்டில் புழுதி கிளப்பியது.

"இப்ப எப்படிம்மா இருக்குது?" என்றார் அதிகாரி.

"முன்னக்காட்டியும் மோசம் சார். சால்னாவுக்குள்ள முங்கிப் பாக்குத மாதிரி இருக்கு."

என் கட்டைவிரலைப் பார்த்தேன். பரோட்டா எண்ணெய் மினுமினுத்தது. நடுவில் மட்டும் இருந்த அழுக்கை லென்ஸ் முழுக்க எண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டிருக்கிறேன். குற்றாலத்து மசாஜ்காரர்கள்கூட அவ்வளவு பக்குவமாகத் தேய்க்கமாட்டார்கள்.

நான்காவது குண்டு. அதிகாரி தொலைநோக்கியைக் கீழே இறக்கி உதட்டைப் பிதுக்கினார். "ஸ்கோப்ல நல்லாத்தான் அடிக்கிறா. தெர்மல் கை வரல போலிருக்குதுங்க" என்று என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார். அவர் என்னிடம் அதைச் சொன்னதுதான் தாங்கமுடியவில்லை. கை வராதது அவளுக்கு இல்லை. அவள் ஐந்தாவது குண்டை எடுத்தாள். அது போய்விட்டால் எல்லாம் முடிந்துவிடும். அதன் பித்தளை வெளிச்சத்தில் மினுக்கியது. வெட்கமாக இருந்தது. ஜீப் டிரைவராவது மண்ணாவது.

"சார், கோளாறு. கருவியில கோளாறு. நான் பண்ணுனது" என்று சொல்லி மூடியைத் திருப்பி அவர் கையில் வைத்தேன்.

அவர் மூடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மூடியைப் பார்த்தார். கோபம் ஏறுவது கழுத்தில் தெரிந்தது. பிறகு அது பாதியில் நின்றது. "பெருசாவே வையுங்க" என்று சொன்ன வாய் யாருடையது என்று அவருக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும். இருமினார். "நாலு குண்டும் செல்லாது. புதுசா ஆரம்பிக்கலாம். உங்களுக்கு மெமோ உண்டுங்க" என்றார். பொட்டின் அளவு பற்றி மெமோவில் ஒன்றும் இருக்காது என்று அப்போதே எனக்குத் தெரியும்.

முதலுதவிப் பெட்டியில் இருந்து ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்து, இந்தத் தடவை கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, லென்ஸை நடுவில் இருந்து வெளிப்பக்கமாகத் துடைத்தேன். மறுபடி என் மீசை தெளிவாகத் தெரிந்தது. சூடான பரோட்டா ஒன்றை மாட்டினேன். அவள் படுத்து, கண்ணை வைத்து, "ஆகா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஐந்து குண்டும் ஒரே பரோட்டாவில் போயின. ஸ்கோப்பின் ஜீரோவைத் திருத்துகிற திருகை ஒரு 'கிளிக்' அளவுகூடத் திருப்பவில்லை. கிளிப்-ஆன்மேல் எனக்கிருந்த சந்தேகமும் அந்தப் பரோட்டாவோடு சேர்ந்து கிழிந்தது. அதிகாரி அதை ஆணியில் இருந்து கழற்றி, ரிப்போர்ட்டோடு இணைக்க முடியுமா என்று சீரியஸாகக் கேட்டார். எறும்பு வரும் என்று சொல்லித் தடுத்தேன்.

திரும்பும்போது எல்லோரும் வேனைக் குற்றாலத்துக்கு விடச் சொன்னார்கள்; நானும் பைக்கில் பின்னாலேயே போனேன். அருவியில் தண்ணீர் சுமாராக விழுந்தது. மற்றவர்கள் குளிக்கப் போக, நானும் அவளும் வேன் பக்கத்தில் உட்கார்ந்து, சுடப்படாமல் தப்பிய பரோட்டாக்களைப் பிய்த்து, மாஸ்டர் கொடுத்த சால்னாவில் தோய்த்துத் தின்றோம். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது, உறுத்தலாகவும் இருந்தது.

"ஏட்டி, மூடியப் பாத்து நான் முழிச்சத நீ பாத்தேல்லா?" என்று கேட்டுவிட்டேன்.

"பாத்தேன். குங்குமமே தெரிஞ்சிது."

"பெறகு ஏன் சொல்லல?"

"எந்தக் கண்ணாடியையும் தொடமாட்டேன்னு எழுதி வாங்குனியள்லா அண்ணாச்சி? தேதி போட்டு." பரோட்டாவை மென்றுகொண்டே சொன்னாள். ஒரு வருடம் காத்திருந்து அடித்த அடி.

"தொட வேண்டாம், வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்லா? எனக்காகவா நாலு குண்டையும் வீணாக்குன? எனக்கு மெமோ வந்துருமேன்னா?" என் குரல் கொஞ்சம் தழுதழுத்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

"சும்மா இருங்க. உங்களுக்காகவெல்லாம் இல்ல. அஞ்சாவது குண்ட எடுத்தம்லா, அதப் போடுததுக்கு முன்ன நானே சொல்லியிருப்பேன். விதி எனக்குத் தெரியாதா? நாலு குண்டு வரைக்கும் உங்களுக்கு டைம் குடுத்தேன்."

அவள் சால்னா பாக்கெட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"நான் சொல்லியிருந்தாலும் கோர்ஸுக்குப் போயிருப்பேன் அண்ணாச்சி. என்ன, அதுக்குப் பெறகு உங்கள அண்ணாச்சின்னு கூப்பிட்டிருக்க மாட்டேன்."

மறுநாள் காலையில் முதல் வேலையாக ஃபைலைத் திறந்து, அவள் எழுதிக் கொடுத்த தாளை உருவினேன். கிழிக்க மனம் வரவில்லை. கையெழுத்து அவ்வளவு அழகு. பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அதில்தான் மெமோவுக்கு என் விளக்கத்தை எழுதிக் கொடுத்தேன், தேதி போட்டு.